ரேடியோ பேசிய கூட்டம்

சலவை ஆலையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. கொதிகலன் இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரல் அவளுக்கு. ஈர விரிப்பை இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக்கொண்டே அவள் ஒரு கதை சொன்னால், மறுமுனையில் சூடாக வெளிவரும் துணியை வாங்கி மடிக்கிறவர்கள் சிரித்துச் சிரித்து மூலைகளைத் தப்பாகச் சேர்ப்பார்கள். சூப்பர்வைசர் வந்து, கொஞ்ச நேரம் அணைத்து வை என்பார். அவள் அணைக்க மாட்டாள். அவளை வேலையை விட்டு அனுப்பவும் யாருக்கும் மனம் வராது. அவள் லீவு போட்ட நாளில் அந்தக் கூடம் மருத்துவமனை மாதிரி இருக்கும்.

மருத்துவமனைக்கும் ஆலைக்கும் உறவு உண்டு. ஓட்டல் விரிப்புகள் வெள்ளைப் பையில் வரும், மருத்துவமனை விரிப்புகள் சிவப்புப் பையில். சிவப்புப் பைகள் கட்டடத்தின் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குப் போகும். அங்கே நீண்ட தகர மேஜையில் பையைக் கொட்டி, துணியோடு சுருண்டு வந்ததையெல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். பஞ்சு, பேனா, கத்தரிக்கோல், ஒருமுறை யாரோ ஒரு பெரியவரின் பல்செட். பிரிக்கிற அறை என்பார்கள். புதிதாக வருகிறவர்களை அங்கேதான் போடுவது வழக்கம். ரேடியோவின் மகள் அங்கேதான் நின்றாள்.

மகளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. பதினைந்து முடியும்வரை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். பதினைந்து முடிந்த வாரமே அவள் பள்ளியை விட்டு நின்றாள். நிறுத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. கல் அறுக்கும் பட்டறையில் இருந்த அப்பாவின் நெஞ்சில் பொடி படிந்துபோய், அவர் தலையணைகளை முதுகுக்கு அண்டக்கொடுத்து உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்திருந்தார். ஆக்ஸிஜன் சிலிண்டர் வீட்டுக்குள் வந்து ஓர் ஆள் மாதிரி மூலையில் நின்றது. மகள் ஒருநாள் காலையில் பையை எடுக்காமல் அம்மாவோடு ஆலைக்குப் புறப்பட்டாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மகள் அதிகம் பேச மாட்டாள். வீட்டில் பேசுகிற வேலையை அம்மா ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். மகள் வார விடுமுறையில் மட்டும் இரண்டு தெரு தள்ளி இருந்த தோழி வீட்டுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்துக்கு வருவாள். தோழி பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், வயதில் கொஞ்சம் இளையவள். உயரத்தால் நெட்டை என்று பெயர். நெட்டையின் அம்மா தையல்காரி. அப்பா இல்லை. பெண்கள் இரண்டும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகின்றன என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள். வயசுப் பிள்ளைகள், பேசிவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. கட்டாயப் பள்ளி வயதைப் பதினெட்டாக உயர்த்தப்போகிறார்கள், அதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கேட்டதுதான் தாமதம், ஊரில் கருத்து இல்லாத ஆளே இல்லை. பேருந்தில் நடத்துனர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, பதினெட்டு வரைக்கும் பெஞ்சைத் தேய்ச்சுட்டு அப்புறமும் என்கிட்டதானே சில்லறை கேட்கப் போறாங்க என்றார். மருந்துக் கடைக்காரர், தன் மகன் இருபத்து மூன்று வயதிலும் படித்துக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு, வேலை கற்க வேண்டிய வயதில் வேலைதான் கற்க வேண்டும் என்றார். முடிவெட்டுகிறவர் யார் தலை கையில் இருக்கிறதோ அவர் பக்கம் பேசினார். பெண் பிள்ளைகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுப்பது நிற்கும் என்று சில பெண்கள் தணிந்த குரலில் சொன்னார்கள். சத்தமாகச் சொன்னவர்கள் குறைவு.

ஆலை முதலாளி ரேடியோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவள் அந்த அறைக்குள் அதற்குமுன் போனதில்லை. நாற்காலியைக் காட்டினார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். கருத்துக் கேட்கும் குழு நகர மண்டபத்துக்கு வருகிறது, ஆலை சார்பில் தான் பேசினால் முதலாளி பேசுகிறான் என்பார்கள், உழைக்கிற வீட்டிலிருந்து ஒருத்தர் உள்ளதைச் சொன்னால் எடுபடும் என்று பக்குவமாகச் சொன்னார். பொய் எதுவும் சொல்ல வேண்டாம், உன் வீட்டுக் கதையை அப்படியே சொன்னால் போதும் என்றார்.

அவள் யோசிப்பதாகச் சொன்னாள். எழுந்திருக்கும்போது அவர், ஞாபகம் வந்தவர் மாதிரி, "உம் பொண்ணு இன்னும் பிரிக்கிற அறையிலயா இருக்கா? மடிக்கிற பக்கம் ஒரு இடம் காலியாகுது" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. புரியாமல் போகிறவள் இல்லை. மகள் இரவில் சாப்பிட உட்காரும்போது கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவப் போவதைப் பார்த்துப் பார்த்து அவள் வயிறு எரிந்திருக்கிறது. மடிக்கிற பக்கம் ஜன்னல் உண்டு, துணி சுத்தமாக இருக்கும். இதற்காக அவள் பொய்கூடச் சொல்லியிருப்பாள். பொய் சொல்லத் தேவையே இல்லை என்பதுதான் வசதியாக இருந்தது. சட்டத்தை அவள் உண்மையாகவே எதிர்த்தாள்.

அன்று இரவு கணவரிடம் சொன்னாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, "அவகிட்ட கேட்டியா?" என்றார். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவளுக்காகத்தானே இவ்வளவும் என்றாள் ரேடியோ. மகள் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நிற்கவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலாளி அரைநாள் விடுமுறை கொடுத்திருந்ததால் ஆலையே வந்திருந்தது. நெட்டையும் அவள் அம்மாவும் சுவரோரம் நின்றிருந்தார்கள். மேடையில் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லோருடைய பேச்சையும் பொறுமையாகக் கேட்டார். முதலில் பள்ளித் தலைமை ஆசிரியை பேசினார். காகிதத்தைப் பார்த்து, விழுக்காடுகளாக வாசித்தார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள்.

பிறகு ரேடியோ எழுந்தாள். மைக்கை ஒரு கையால் ஒதுக்கினாள், அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

"படிப்பு வேணாம்னு சொல்ல வரல. படிப்பு யாருக்குக் கசக்கும்? ஆனா நீங்க வயச மட்டும்தான் ஏத்தறீங்க. வீட்டுல இருக்கற வயிறு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. எம் புருஷன் ஒவ்வொரு மூச்சையும் சிலிண்டர்லேருந்து வாங்கறாரு. அதுக்கு எம் பொண்ணு கையும் வேணும், என் கையும் வேணும். அவளக் கொண்டுபோய் பெஞ்சுல உக்கார வச்சு அட்டெண்டன்ஸ் எடுப்பீங்க. எடுங்க. சாயங்காலம் எங்க வீட்டுல அட்டெண்டன்ஸ் யாரு எடுப்பா? அங்க ஒரு ஆள் குறைஞ்சா யாரு வந்து ஏன்னு கேப்பா?"

பின்வரிசையில் கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கைதட்டல் எழுந்து, அடங்குவதற்கு நேரமானது. தையல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமை ஆசிரியைகூடக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

குழுத் தலைவி மட்டும் தட்டவில்லை. உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"இதோ உக்காந்திருக்கா. அவளையே கேளுங்கம்மா" என்றாள் ரேடியோ, பெருமையாக.

மைக் கை மாறி மாறி மகளிடம் போனது. மகள் எழுந்தாள். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் மூச்சு விடும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. சுவரோரம் நெட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொன்னதுதான்" என்றாள் மகள்.

"உனக்குன்னு தனியா எதுவும் சொல்ல வேண்டாமா?" என்றார் தலைவி.

"இல்ல."

அம்மாவுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் மகளுக்குக் கிடைத்தது. யாரோ ஒரு பத்திரிகைக்காரர், மைக்கைப் பிடித்தபடி தலை கவிழ்ந்து நின்ற அவளைப் படம் எடுத்தார்.

படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் ஆலை அதிபர்கள் சங்கம் அதைப் பெரிதாக்கி, "எங்கள் கைகளைக் கட்டாதீர்கள்" என்று கீழே போட்டுச் சந்தைச் சுவரிலும் பேருந்துகளின் முதுகிலும் ஒட்டியது. ரேடியோ முதல் தடவை பார்த்தபோது பேருந்து கண்ணை விட்டு மறையும்வரை நின்று பார்த்தாள். கொஞ்சம் நல்ல சட்டை போட்டு அழைத்துப் போயிருக்கலாம் என்று தோன்றியது. மகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சந்தை வழியை விட்டுவிட்டுச் சாக்கடையோரமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். வார விடுமுறையில் தோழி வீட்டுக்குப் போவதும் நின்றுபோனது. ஏனென்று கேட்டதற்கு, அலுப்பாக இருக்கிறது என்றாள்.

முதலாளி வாக்குத் தவறவில்லை. மகள் மடிக்கிற பக்கம் வந்தாள். அம்மா உருளையில் கொடுக்கிற துணி மகள் கைக்கு வந்து சேர்ந்தது. ரேடியோவுக்கு அந்த நாட்களில் தரையில் கால் பாவவில்லை. மகள் சாப்பிடுமுன் ஒருமுறை மட்டும் கை கழுவினாள். இதைவிட என்ன வேண்டும் என்று அவள் கணவரிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

கருத்துக் கணக்கு வெளிவந்தது. பெரும்பான்மை எதிர்ப்பு. சட்டம் மேலும் ஆராயப்படும் என்று ஒரு வரியில் அரசு முடித்துக்கொண்டது. ஆலையில் இனிப்பு கொடுத்தார்கள். மகள் தன் பங்கைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள்.

அது நடந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, ஆலை வாசலில் தையல்காரி நின்றிருந்தாள். பக்கத்தில் நெட்டை. பதினைந்து முடிந்துவிட்டது என்று தையல்காரி சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில் ரெடிமேட் துணி மலிவாகக் கிடைக்கிறது, இப்போதெல்லாம் கிழிந்ததைத் தைக்கத்தான் ஆள் வருகிறார்கள் என்றாள். ரேடியோ அவர்களைக் கடந்து போகும்போது, இந்த உயரத்துக்கு ஆலைக்கு ஏணிச் செலவு மிச்சம் என்று சொல்லிச் சிரித்தாள். நெட்டையும் மரியாதைக்குச் சிரித்தாள். அவளைப் பிரிக்கிற அறைக்கு அனுப்பினார்கள். மகள் நின்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

அந்த அறையில் கொடுக்கும் கையுறைகள் ஆண்களின் அளவு. தடித்த ரப்பர். சின்னக் கைகளுக்கு விரல் நுனிகள் தொளதொளவென்று மடிந்து, பிடித்தது நழுவும். வேலை பின்தங்கினால் சத்தம் விழும். அதனால் பெண்கள் சூப்பர்வைசர் தலை மறைந்ததும் கழற்றிவிடுவார்கள். சூப்பர்வைசரும் தலையை மறைத்துக்கொள்வார். ரேடியோவின் மகளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். நெட்டைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

ஒரு பிற்பகல் பின்னாலிருந்து ஒரு கூச்சல். கூச்சல்கூட இல்லை, யாரோ எதையோ கேட்பது மாதிரி ஒரு சத்தம். மகள் கையிலிருந்த விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். சுத்தமான துணியைத் தரையில் போடுவது ஆலையில் பெரிய குற்றம். ரேடியோ உருளையை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனாள். நெட்டை உள்ளங்கையை விரித்து நின்றாள். அழுக்கு விரிப்பு ஒன்றில் சுருண்டு வந்த ஊசி அவள் கட்டைவிரலடியில் ஏறியிருந்தது. ரத்தம் ஒரு பொட்டு அளவுதான். மகள் அவள் கையைக் குழாயடியில் பிடித்து அழுத்தி அழுத்திக் கழுவினாள். நெட்டை, ஒன்றுமில்லை, எறும்பு கடித்த மாதிரிதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லாமல் போகவில்லை. ரத்தத்தைச் சோதித்தார்கள், பிறகு சில மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றார்கள். கையுறையைக் கழற்றியது அவள் தப்பு என்று ஆலை எழுதி வைத்துக்கொண்டது. இரண்டாவது சோதனையில், ஈரலைத் தின்னுகிற கிருமி உடம்பில் இருப்பது தெரிந்தது. மருந்து உண்டு, ஆனால் நிறுத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஆலை அவளை நிறுத்திவிட்டது.

ரேடியோ தையல்காரி வீட்டுக்குப் போனாள். இருந்த வார்த்தைகளையெல்லாம் வழியில் சேர்த்து வைத்திருந்தாள், உள்ளே போனதும் எதுவும் வாய்க்கு வரவில்லை. நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டில் நீளம் போதாமல் காலை மடக்கியிருந்தாள். தையல்காரி நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் ரெண்டு மனசாத்தான் வந்தேன்க்கா. எப்படியாவது இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாமான்னு. நீங்க பேசினதக் கேட்டப்புறந்தான் தெளிவாச்சு. வேலைக்கே அனுப்பிடலாம்னு. ரொம்ப நல்லா பேசினீங்க."

அதில் குத்தல் துளியும் இல்லை. அவள் மனமாரப் பாராட்டினாள்.

ரேடியோ எழுந்து கட்டிலோரம் போய், நெட்டையின் தலையைத் தடவினாள். நெட்டை திரும்பாமலே சொன்னாள்: "அவமேல கோவம் எல்லாம் இல்ல அத்தை. வரச் சொல்லுங்க. சட்டம் வந்தா மறுபடியும் ஒரே பெஞ்சுன்னு சொல்லிட்டிருந்தா. நான் வகுப்புல நடந்தத எல்லாம் வாரா வாரம் அவளுக்குச் சொல்லிக் குடுப்பேன். திரும்பிப் போறப்ப பின்தங்கிடக் கூடாதுன்னு."

ரேடியோ எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் அப்பாவுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து, வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

"பள்ளிக்கூடம் போகணும்னு இருந்துச்சா உனக்கு?"

மகள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டாங்கல்ல அந்தம்மா. மைக்க கையில குடுத்துக் கேட்டாங்கல்ல. ஏன் சொல்லல?"

"அத்தன பேரு முன்னாடி உன்ன எப்படிம்மா விட்டுக் குடுக்கறது?" என்றாள் மகள். "நீ சொன்னதும் பொய் இல்லியே."

ரேடியோ வாசற்படியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் அணைத்திருப்பாள். மகள் இரண்டும் செய்யாமல், காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.

அடுத்த விடுமுறையில் ரேடியோ பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியைக்கு அவளை அடையாளம் தெரிந்தது. குத்திக்காட்டவில்லை. சட்டம் வந்திருந்தால் புது வகுப்பறைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பணம் வந்திருக்கும், இப்போது இருக்கிற பிள்ளைகளே தரையில் உட்காருகிறார்கள், நடுவில் நின்றவர்களைச் சேர்க்க இடமில்லை என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். நகரின் மறுகோடியில் மாலை வகுப்பு ஒன்று நடப்பதாகச் சொன்னார். ரேடியோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். வேலை முடிந்து போகலாம், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பஸ் நேராகப் போகிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"அந்த பஸ் பின்னாடி என் மூஞ்சிதான்மா இருக்கு" என்றாள் மகள்.

ஒட்டியது நாளானால் மழையில் போய்விடும் என்றாள் அம்மா. மகள் சரி, போகட்டும், பார்க்கலாம் என்றாள். அவள் குரலிலிருந்தே போக மாட்டாள் என்று தெரிந்தது.

ரேடியோ முதலாளி அறைக்கு மறுபடி போனாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை, நாற்காலியையும் காட்டவில்லை. சின்ன அளவுக் கையுறை வாங்கித் தராவிட்டால் மண்டபத்தில் பேசிய அதே வாயால் சந்தையில் நின்று பேசுவேன் என்றாள். கையுறைகள் வந்தன. பிரிக்கிற அறைக்குத் தன்னை மாற்றச் சொன்னாள். உருளைக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று அதை மறுத்துவிட்டார்கள். நெட்டை நின்ற இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். அவளுக்கும் அப்போதுதான் பதினைந்து முடிந்திருந்தது.

மழைக்காலத்தின் நடுவில் அப்பா இறந்தார். பகலில், தலையணைகளில் சாய்ந்தபடியே, யாருக்கும் தொந்தரவில்லாமல் போனார். சிலிண்டரைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போனபோது மூலையில் துருவட்டம் ஒன்று மிஞ்சியது. மகள் அதைத் தேய்த்துக் கழுவினாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாயங்காலம் இருவரும் சாக்கடையோர வழியாகச் சேர்ந்து நடந்து வந்தார்கள். ரேடியோ பலநாள் அடைத்து வைத்திருந்ததைக் கேட்டாள். இனிமேல் என் ஒருத்தி சம்பளம் போதும், நீ இப்போதாவது அந்த மாலை வகுப்புக்குப் போகக் கூடாதா என்றாள். போஸ்டர்கூட எல்லாம் கிழிந்துவிட்டது என்றாள்.

மகள் வழியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் தாண்டிப் போய் அம்மாவுக்காக நின்றாள். பிறகு, "நெட்டைக்கு மாத்திரை நிறுத்தக் கூடாதும்மா. அவங்கம்மாவால முடியல. நான்தான் வாங்கிக் குடுக்கறேன்" என்றாள்.

எப்போதிலிருந்து என்று ரேடியோ கேட்கவில்லை. கடைத்தெரு திருப்பத்தில் மகள், இன்று மருந்து வாங்குகிற நாள், நீ வீட்டுக்குப் போ, நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பிரிந்தாள். ரேடியோ இரண்டடி வீட்டுப் பக்கம் நடந்தாள். பிறகு திரும்பி, மருந்துக் கடையை நோக்கி மகள் பின்னாலேயே போனாள்.